பசை வேண்டாத பாதி

"அந்தப் பசை டப்பாவ எடுன்னா..."

"பிளான்ல வேண்டாம்னு போட்டிருக்குதுங்க, அப்புறம் எதுக்கு..."

"பிளான் கெடக்குது கழுத! எங்கூட்டுக் கட்டிலு, நான் போடுவேன்."

கூடம் முழுக்க அறுத்த பலகைகள். குமாரசாமியும் அவர் மனைவி வசந்தாமணியும் சேர்ந்து செய்கிற இரட்டைக் கட்டில். வீட்டிலிருப்பவர்களின் உடம்பை ஸ்கேன் செய்து பார்த்துத்தான் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து மரச்சாமான் பிளான் வருகிறது. இடப் பாதிக்குப் பசையும் ஸ்குரூவும் போடச் சொல்லியிருந்தது. வலப் பாதிக்கு ஸ்குரூ மட்டும். வலப்பக்கம் படுப்பவள் வசந்தாமணி.

"மேல்வீட்டுச் சுலோச்சனா ஆறு நாற்காலி செஞ்சாளே, அவ மாமியா உக்கார்ற ஒண்ணுக்கு மட்டும் பசை வேண்டாம்னுச்சு. தை மாசம் அந்தம்மா போயிட்டாங்கல்லங்க."

"அது வயசான கட்டை. நீ கல்லாட்டம் இருக்கற."

"கல்லாட்டந்தான் இருக்கறேன். நானா சொல்றேன்? அது சொல்லுது."

"அப்ப இனிமே நான் வலப்பக்கம் படுத்துக்கறேன்."

"படுங்க. உங்க குறட்டைக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன."

அவர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கி எடுத்தார். பசை சொட்டியது. வசந்தாமணி வலப் பாதிச் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு ஸ்குரூவைத் துளையில் வைத்துத் திருகினாள். அது சிரமமில்லாமல் உள்ளே போனது. அடுத்ததை எடுத்தாள்.

"வேண்டாமுங்க. தேக்கு, நல்ல கனம். பசையும் போட்டுட்டா, அப்புறம் ஒத்தையாளா நீங்க எப்படிக் கழட்டுவீங்க?"