யார் வீட்டுப் பிள்ளை?

ஆன்லைன் உடல்நல ஆய்வில் கறுப்பினத்தவர் சேருவதில்லை என்று, இப்போது கேள்வி கேட்க கணினியிலேயே ஒரு கறுப்பு முகத்தைச் செய்து திரைக்கு அனுப்புகிறார்கள். "வணக்கம், சிஸ்டர் வெர்னெல்" என்றது அது, சர்ச்சில் கூப்பிடுவதுபோலவே.

வெர்னெல் கேமராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். அலபாமாவில் அவள் ஜனங்கள் புது ஆளைக் கண்டால் முதலில் கேட்பதைக் கேட்டாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ள?"

"ஆய்வுல சேந்த உங்க ஜனங்க எல்லாரும் கலந்துதான் நான். உங்க தம்பி கர்ட்டிஸும் இருக்காரு."

கர்ட்டிஸ் மார்ச்சில் மாரடைப்பில் இறந்தவன். ஆய்வில் சேர்ந்ததை அவன் வீட்டில் சொன்னதேயில்லை.

"கடைசியா என்ன சொன்னான்?"

"மூணு நாளா நெஞ்சு வலிக்குதுன்னாரு. ரொம்ப உபயோகமான பதில்."

"அத யார்கிட்டயாவது சொன்னியா?"

"பத்திரமா பதிவு பண்ணி வச்சிருக்கேன், சிஸ்டர்."

அது சிரித்தது. கன்னத்தில் கர்ட்டிஸின் குழி விழுந்தது.