எடுத்தவருக்கும் ஒரு இடம்

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பத்து வருடப் படங்கள் கணினியில் குப்பையாகக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். மென்பொருள் முகங்களைப் பார்த்து அதுவே படங்களைப் பிரித்தது. நான், மனைவி, மகள், மூவருக்கும் மொத்தப் படங்களின் எண்ணிக்கையையே காட்டியது.

“எல்லாப் படத்துலயும் நானும் இருக்கேனே. அப்போ எடுத்தது யாரு?” என்றேன்.

“போறவங்க வர்றவங்க யாராவது எடுத்திருப்பாங்க,” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எடுத்த படத்தைத் திறந்தேன். அன்று எங்களுக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து, வேண்டியவரைப் பார்ப்பதுபோல் மூவரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். தரையில் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. ஓரத்தை வெட்டப் போனேன்.

“பாவம், இருந்துட்டுப் போகட்டும். நிழலாவது படத்துல வரட்டுமே,” என்றாள் மனைவி.

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன்.

கடைசிப் படம் போன வாரத்தது. மகள் என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

“இதுல நான் கண்ண மூடிட்டேன்பா. இன்னொண்ணு எடுக்கச் சொல்லு.”

மனைவி துணியை வைத்துவிட்டு வந்து என் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் நாங்கள் எந்தச் சாமானும் வைக்காத இடம் ஒன்று உண்டு. மூவரும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தோம்.

மறுபடி திரையைப் பார்த்தபோது, மூன்று முகங்களுக்கும் எதிரே எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.