தொட்டால் எரியும் விளக்கு

பெண் பார்க்கப் போன வீட்டில் பியூஸைப் போக்கியவன் நான்தான்.

தபாலில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம். தொட்டால் எரியும் இரவு விளக்கு ஒன்றை நானே செய்து, பூ பழத்தோடு தேவாரம் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன்.

பெண் மாரீஸ்வரி காபி கொடுத்தாள். விரலில் சூடுபட்ட தழும்பு.

"அடுப்படியில கெட்டிக்காரிடா," அம்மா காதைக் கடித்தாள்.

விளக்கைப் பெருமையாகச் செருகினேன். டப்! மின்விசிறி நின்றது. டிவி அணைந்தது. அவள் அப்பாவின் முகமும் அணைந்தது.

"சொல்லி அனுப்புறோம்."

ஏற்கெனவே நாலு வீட்டில் கேட்ட வார்த்தை. எவரும் சொல்லி அனுப்பியதில்லை.

ஒரு வாரம் கழித்துத் தரகர் சுருளியாண்டி வந்தார், கையில் நான் அங்கேயே விட்டு வந்த விளக்கோடு.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. இதைக் குடுத்துவிட்டாக."

"ஏலே, பொருளையே திருப்பிட்டாக. இன்னும் என்ன பதில் வேணும்?" என்றாள் அம்மா.

துக்கத்தோடு செருகித் தொட்டேன். எரிந்தது! மறுபடி தொட்டேன். அணைந்தது! டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். அவளே எடுத்தாள்.

"விளக்கை யாரு சரி பண்ணினது?"

"நான்தான். ஈயத்தை அள்ளி அப்பி, ரெண்டு கம்பியையும் ஒட்டவச்சிருந்தீக."

"அப்ப அந்தத் தழும்பு?"

"ஈயம் உருக்குற சால்டரிங் அயர்ன் சுட்டது. எங்க தெரு ரேடியோ பூராம் நான்தான் பாக்குறேன். அடுப்படிப் பக்கமே போனதில்ல."

"என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. கட்டிக்கிறேன். ஆனா அயர்னை நீங்க தொடவே கூடாது."