யாரும் எடுக்காத புத்தகங்கள்

"போர்டுல பேர எழுதிட்டு எடுத்துட்டுப் போங்கன்னுதானே சொன்னேன்? நாலு மாசமாச்சு. ஒரு பேரு கூட இல்ல," என்றபடி ஹால்வர்சன் மிஸ் அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டு, அந்த நெப்ராஸ்கா பள்ளிக்கு அவர் வரவழைத்த நன்கொடைப் புத்தகங்கள். சோமாலியப் பெண்ணின் கதை, அப்பா சிறையிலிருக்கும் பையனின் கதை, இன்னொரு பையனைக் காதலிக்கும் பையனின் கதை.

"பக்கத்து ஊர் ஸ்கூல்ல கேக்குறாங்க. அனுப்பிடப் போறேன்."

"அந்தக் காதல் கதைய முதல்ல அனுப்புங்க மிஸ்!" என்றான் ஃபுட்பால் கேப்டன் ப்ரோடி. வகுப்பே சிரித்தது. பக்கத்திலிருந்த வெஸ்லிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

மிஸ் அதையே முதலில் எடுத்தார். உள்ளே மிட்டாய்த் தாள் நீட்டிக்கொண்டிருந்தது.

"படிக்கத்தான் மாட்டீங்க. குப்பை போடாமலாவது இருக்கலாம்ல?"

கோபத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். மிட்டாய்த் தாளும் ஒரு மேட்ச் டிக்கெட்டும் விழுந்தன.

"ஐயோ மிஸ், உதறாதீங்க!" ப்ரோடி எழுந்தே விட்டான். "நான் விட்ட பக்கம் போச்சு!"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நீங்க சாப்பிடப் போனப்புறம் வந்து படிப்பேன்... அந்தப் பையன் அவன் அப்பாகிட்ட சொல்லப் போற இடம் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை.

வெஸ்லி குனிந்து அந்த மேட்ச் டிக்கெட்டை எடுத்துக்கொண்டான்.

"நானும் அங்கதான்டா நிறுத்தினேன், நூத்திப் பதினாலாம் பக்கம்," என்றான் மெதுவாக. "அதுக்கு மேல திருப்ப எனக்கும் பயமா இருந்துச்சு."