பெயர் வெட்டிய பாத்திரங்கள்

குக்கரை மூன்றாவது தடவையாகப் படம் எடுத்தான். மூடியோடு ஒன்று, மூடி இல்லாமல் ஒன்று, மறுபடி மூடியோடு.

காலை பத்து மணிதான். அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

தரைத்தளத்து வாடகை வீடு. போன ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீர். வீட்டுக்காரர் தன் சுவருக்கு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார். குடியிருப்பவன் சாமானைக் குடியிருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மிக்சி. கட்டில். பீரோ. மறுபடி சமையலறை. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

மனைவி செண்பகவல்லி தன் அம்மா வீட்டுக்குப் போய் ஆறு வாரம். "போனா அப்படியே போயிரு" என்று சொன்னது அவன்தான்.

அப்புறம் அவளும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் பெண் போன் செய்தாள்.

"சார், குடம், குக்கர் எல்லாத்துலயும் செண்பகவல்லினு பேர் வெட்டியிருக்கு. பீரோ பில்லும் அவங்க பேர்லதான். அவங்க கையெழுத்து இல்லாம ஆகாது. மழை பிடிக்கிறதுக்குள்ள அனுப்புங்க."

ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பிப் பார்த்தான். கல்யாணத்துக்கு மாமனார் கடையிலேயே நின்று வெட்ட வைத்த பெயர். டம்ளரைக்கூட அவர் விடவில்லை. இந்த வீட்டில் அவன் பெயருக்கு ஒரு கரண்டி இல்லை.

சிரிப்பு வந்தது.

ஹாலுக்கும் சமையலறைக்கும் ஏழெட்டு நடை நடந்தான். கையெழுத்து என்று ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. அதையும் விட்டால் கூப்பிடவே மாட்டோம் என்று பயமாக இருந்தது.

கூப்பிட்டான்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். "ஒரு கையெழுத்து வேணும்" என்பதுதான் வாயில் வந்தது.



"வக்கீல் வரைக்கும் போயாச்சா?" என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நான் போட மாட்டேன், பாத்துக்கிடுங்க. யார் வந்து கேட்டாலும் போட மாட்டேன்." அவள் குரல் உடைந்துவிட்டது.

பாத்திரங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான்.

இன்சூரன்ஸுக்குத்தான் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"சரியாக் கேக்கலை," என்றான். "இன்னொரு தடவை சொல்லு."