கன்னியம்மாள் நர்சரி மீது ஒரு மனு

“மொதல்ல நகத்தால கீறிப் பாரு, அப்பறமா பேசு” என்று பரசுராமனின் நைனா அடிக்கடி சொல்வார். சேனைக்கிழங்குக்குச் சொன்னாரா, முருங்கைக் கொம்புக்குச் சொன்னாரா என்பதுதான் ஞாபகமில்லை.

இன்று பரசுராமன் கீறவும் பேசவும் சேர்த்தே கிளம்பியிருந்தார். சட்டைப் பையில் தாசில்தாருக்கு எழுதிய மனு. அதில் தெருக்காரர்களின் பதினெட்டுக் கையெழுத்து. பத்தொன்பதாவது போட வேண்டிய பக்கத்து வீட்டுப் பிரேம்குமார், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“விட்டுடலாம் சார். பாப்பாவுக்குத்தான் கண்ணு சரியாயிடுச்சே.”

“அடுத்த பாப்பாவுக்கு?”



பத்து நாள் முன்னால் பிரேம்குமாரின் மனைவி அனுராதா, அரக்கோணம் ரோட்டில் இருக்கும் கன்னியம்மாள் நர்சரியில் கேக்டஸ் என்று ஒரு செடி வாங்கி வந்தாள். ஆறு வயது மகள் கவிப்பிரியா விளையாட்டாய் அதில் ஒரு கிளையை ஒடித்தாள். வடிந்த பால் கண்ணில் பட்டது. மூன்று நாள் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை.

நர்சரி இருப்பது ரோட்டோரப் புறம்போக்கு. மனு மேலே போனால் நிழலுக்குக் கட்டிய பச்சை வலையை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அது பரசுராமனுக்கும் தெரியும், கடைக்காரி கன்னியம்மாளுக்கும் தெரியும்.

“வாங்க சார். பாப்பா எப்டி கீது?” மண் கலந்துகொண்டிருந்தவள் எழுந்தாள்.

“விசாரிக்கறதெல்லாம் இருக்கட்டும். எங்க அந்தச் செடி?”

மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. விஷயம் தெரிந்த அன்றே கன்னியம்மாள் அனுராதாவின் வீட்டுக்கு ஓடி, தொட்டியோடு திருப்பி எடுத்து வந்திருந்தாள்.

பரசுராமன் சாக்கை உருவிப் போட்டார். நகத்தால் ஒரு கீறல். வெள்ளையாய்ப் பால் பொட்டுக் கட்டியது.

“பாத்தியா பிரேம்? கேக்டஸ்ல இப்படிப் பால் வடியாது. முள்ளு கிளம்பற இடத்துல பஞ்சு வெச்சாப்பல ஒரு பொட்டு இருக்கும். இதுல பொட்டும் இல்ல, முள்ளும் ஜோடி ஜோடியா கீது. இது கள்ளி, பாலே விஷம்! இதைப் போய்க் கேக்டஸ்னு வித்திருக்கியேம்மா!”

“ஆங், தப்புதாங்க.”

“தப்புதாங்கன்னா ஆச்சா? இருபத்திரண்டு வருஷம் புனேவுல இருந்துட்டு வந்தவன், வந்த முதல் மாசமே இங்க குந்திகினு ஒவ்வொரு தொட்டிக்கும் குச்சியில பேர் எழுதி வெச்சேன். ஒரு பக்கம் தமிழ், ஆந்திரா பக்கம் நகரியிலேர்ந்து வர்றவங்களுக்காக மறுபக்கம் தெலுங்கு. அதைப் பாத்து விக்கறதுக்கு என்ன?”

“எனக்குப் படிக்கத் தெரியாதே சார்.”

“தெரிஞ்சவங்களைக் கேக்கறது!”

கன்னியம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

“வாங்கறப்ப இதுலயும் ஒரு குச்சி இருந்துச்சுன்னு அனு சொன்னாளே?” என்றான் பிரேம்குமார்.

“இதுக்கு இல்லீங்க” என்றாள் கன்னியம்மாள் சட்டென்று. “பக்கத்துத் தொட்டிக் குச்சியைப் பாத்திருப்பாங்க. கேக்டஸ்னு சொன்னது நான்தான். என் வாயாலதான் சொன்னேன்.”

“குச்சி இருந்திருந்தா, கள்ளி, ஜாக்கிரதைன்னு எழுதியிருப்பேன்ல?” பரசுராமன் மனுவை எடுத்து நீட்டினார். “போடுப்பா கையெழுத்தை.”

பிரேம்குமார் பேனாவை வாங்கினான். போடவில்லை.

“ஆஸ்பத்திரி வாசல்லயே மூணு நாள் உக்காந்துகினு இருந்தாங்க சார் இவங்க...”

“அதுக்கு?”

அதற்குள் அவன் போன் அடித்தது. அனுராதா. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேசியபடியே பைக் பக்கம் போனான்.

கன்னியம்மாள் கிட்டே வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்தாள்.

“அவரு வர்றதுக்குள்ள இதை வாங்கிக்கோங்க சார். அடுப்புல போடலாம்னு பாத்தேன். நீங்க எழுதினதாச்சே, மனசு வரல.”

ஒரு ஐஸ் குச்சி. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. இரண்டும் அவர் கையெழுத்து.

‘கேக்டஸ். பால் கிடையாது. வீட்டுக்குள் வைக்கலாம்.’

“இந்தச் செடிக்கா?”

“ஆங். போன்ல படம் புடிச்சுப் பாத்து எழுதினீங்க. ஒரு கீறு கீறிப் பாத்துடலாமான்னு கேட்டேன். போனே சொல்லிடுச்சு, தேவையில்லைன்னீங்க. எழுதினதைப் படிச்சும் காட்டினீங்க.”

பரசுராமன் குச்சியைத் திருப்பிப் பார்த்தார். தெலுங்கிலும் அதேதான் இருந்தது.

“ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா? செடி விக்கிறவளைத் திட்டறது ரெண்டு நாள்ல மறந்துடும் சார். பக்கத்து வூட்டுப் புள்ள கண்ணு உங்களால போவ இருந்துச்சுன்னா, அந்தத் தெருவுல நீங்க எப்டி நடப்பீங்க? இப்பதான் ஊரோட வந்து சேந்துகிறீங்க.”

“உன் கடை?”

“இங்க இல்லேன்னா ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கனா போட்டுக்கறேன். தொட்டிதான, தூக்கினு போறதுக்கு என்னா?” அவள் மறுபடியும் மண்ணில் கை வைத்தாள். “குச்சியை உள்ள வெய்ங்க சார், வர்றாரு.”

பிரேம்குமார் போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்தான்.

“அனுவும் போடச் சொல்லிட்டா சார். எங்க போடணும்?”

பரசுராமன் மனுவை ஒரு தொட்டியின் விளிம்பில் வைத்து, ‘கன்னியம்மாள்’ என்று இருந்ததை அடித்து ‘பரசுராமன்’ என்று எழுதினார். குச்சியை அதன் மேல் வைத்து, பிரேம்குமாரிடம் நீட்டினார்.