பாதிக் கிண்ணம்

மாணவர் கூடத்தில் ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி எங்கள் தோழி ஜிபெக்குடையது. முதல் பனியில் பஸ் கவிழ்ந்து அவள் இறந்துபோனாள். அதன்பிறகும் டீ ஊற்றும்போது, என்னோடு படிக்கும் ரௌஷான் அவளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். படித்துவிட்டு நாங்கள் நிமிரும்போது அது காலியாக இருக்கும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் கஜகஸ்தான் வீடுகளில் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போ என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், கிளம்பு என்று அர்த்தம்.

நேற்று ஜிபெக்கின் கிண்ணத்தில் ரௌஷான் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

“ஏண்டி இப்படிப் பண்றே? பாவம்டி அவ.”

“உனக்கென்ன, நீ பாஸாயிடுவே. எனக்கு ஒரு வரிகூட மண்டையில ஏறல. போதும்டி, அவ போகட்டும்.”

நான் என் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் புத்தகத்தில் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஜிபெக்கின் கிண்ணம் காலி. ரௌஷானுடையது விளிம்புவரை நிரம்பியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் கிளம்பப் புத்தகத்தை மூடினேன்.

நான் குடித்து முடித்திருந்த கிண்ணத்தில் பாதிவரை டீ இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.